புளி போட்டுத் தேய்த்த ராஜாக்கள்

போன வாரம் மதுரையிலிருந்து ஒரு இளைஞர் என் வீட்டுக்கு வந்திருந்தார். பழைய காசு வாங்கி விற்பது அவர் தொழில். என் டப்பாவில் உள்ள காசுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டே, "எப்பவோ ஒருக்கா தேச்சிருக்காக சார். ஆனா திரும்ப நல்லாக் கறுத்திருச்சு. தேச்ச தடம் இப்ப அவ்வளவாத் தெரியல" என்றார். பாராட்டுதான். காசு உலகத்தில் கறுப்புக்குத்தான் மரியாதை. காற்றும் காலமும் பட்டுத் தானாக ஏறிய கறுப்பு இருந்தால்தான் பழங்காசுக்கு விலை. ஆனாலும் எனக்கு முகம் சுண்டிப்போனது. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று அடுப்படிக்குப் போய்ச் சும்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஏன் என்று உங்களுக்குச் சொல்கிறேன். ஆனால் நேராகச் சொல்ல எனக்கு வராது. இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன் நான். ஊருக்கு ஊர் நிறுத்தி, ஏற்றி இறக்கித்தான் போவேன். அவசரமென்றால் ஷேர் ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த டப்பா ஒரு பிஸ்கட் டப்பா. மூடியைத் திறந்தால் ஒரு வாடை வரும். செம்பு, பழைய தாள், அதோடு கொஞ்சம் தோல் வாடை. அது காசின் வாடை இல்லை, என் தோல்பையின் வாடை. அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கும் எம்.ரெட்டியபட்டிக்கும் நடுவில் எத்தனை நடை போயிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மத்தியானம் ஒரு நடை திருச்சுழிக்கு. தனியார் பஸ். பருத்தி எடுக்கப் போகும் பெண்கள், மல்லி மூட்டை, நூல் பொட்டலம், காலைக் கட்டிய கோழி, எல்லாவற்றுக்கும் நடுவில் நான். ஒரு கால் படியில், ஒரு கால் யார் காலின் மேல் என்று தெரியாது.

அந்த நெரிசலில் சில்லறையைக் கண்ணால் பார்த்து வாங்க முடியாது. விரல்தான் பார்க்கும். ஐம்பது பைசா, ஒரு ரூபாய் என்று தடவியே பையில் போடுவோம். கண்டக்டர் விரலை ஏமாற்றுவது லேசில்லை. ஆனால் ஒரு நாள் யாரோ ஏமாற்றிவிட்டார்கள். சாயந்தரம் முதலாளி வீட்டில் பையைக் கவிழ்த்தபோது ஐம்பது பைசாக் காசுகளுக்கு நடுவில் ஒரு அந்நிய முகம் கிடந்தது. நீள மூக்கு, ஏறிய நெற்றி, கழுத்தோடு நின்றுபோன தலை. ஐம்பது பைசா என் கையைக் கடித்தது. வந்த கோபத்துக்கு அளவில்லை.

மறுநாள் காலை நடையில் அந்தக் காசைத் தூக்கிப் பிடித்து, இந்தப் பெருசை நேற்று பஸ்ஸில் ஏற்றிவிட்ட மகராசன் யார் என்று கேட்டேன். பின் சீட்டிலிருந்து ஒரு அக்கா மட்டும், "ஒம்ம மாமனாரு மாதிரியில்ல இருக்காரு, நல்லாப் பாரும்" என்றாள். பஸ்ஸே சிரித்தது. நானும் பார்த்தேன். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் என் பெண்டாட்டி பாண்டியம்மாளிடம் காட்டினேன். அவள் வாங்கிப் பார்த்து, "எங்கப்பாவுக்கு மூக்கு இம்புட்டு நீளமில்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

காசில் 'ஸ்வெரிகே' என்று எழுதியிருந்தது. அப்படி ஒரு நாடு எந்த வரைபடத்திலும் இல்லை. அருப்புக்கோட்டை நூலகத்தில் தடித்தடியாக ஆங்கிலக் கலைக்களஞ்சியம் இருக்கும். நான் எடுக்கும் வரைக்கும் அதைத் தூசிதான் படித்துக்கொண்டிருந்தது. அங்கேதான் கண்டுபிடித்தேன். சுவீடன்காரர்கள் தங்கள் நாட்டைத் தங்கள் பாஷையில் அப்படித்தான் சொல்வார்களாம். என் மாமனார் சாயலில் இருந்தவர் ஆறாம் குஸ்தாவ் அடால்ஃப் என்ற ராஜா. ஒரு ராஜாவைப் பஸ்ஸில் வைத்து 'பெருசு' என்று சொல்லிவிட்டோமே என்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

இப்படித்தான் ஆரம்பித்தது. கண்டக்டர்கள் எல்லோரிடமும் ஒரு பழக்கம் உண்டு. ஏமாந்து வாங்கிய செல்லாக்காசைத் தூக்கி எறிய மாட்டோம். பையின் பக்க அறையில் போட்டு வைத்திருப்போம். கூட்டம் பார்த்து வேறு யார் தலையிலாவது கட்டலாம் என்கிற நல்லெண்ணம்தான். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நான் ஒரு அறிவிப்புச் செய்தேன். எவன் வெளிநாட்டுச் செல்லாக்காசு கொடுத்தாலும் ஒரு டீ. அவ்வளவுதான், தூத்துக்குடி வண்டி, ராமேஸ்வரம் வண்டி, நாகப்பட்டினம் வண்டி என்று திசைக்கு ஒரு ராஜா வந்து சேர்ந்தார். இலங்கையும் மலேயாவும் குவிந்தன. அதெல்லாம் நம் ஆட்கள் பிழைக்கப் போன ஊர்கள், வீட்டுக்கு வீடு கிடக்கும். சுவீடன், நார்வே, டென்மார்க் மூன்றையும் மட்டும் நான் வைத்துக்கொண்டேன். துறைமுகத்தில் இறங்கிய கப்பல்காரர்கள் கைமாற்றியது, கடைக்காரரிடம் தங்கியது, பழைய பித்தளைக் கடையில் எடைக்கு வந்தது, எல்லாம் கடைசியில் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறத்தானே வேண்டும்? எனக்கு ராஜாக்களைச் சம்பாதித்துக் கொடுத்தது டீக்கடைதான்.

ஏன் அந்த மூன்று நாடு என்று கேட்பீர்கள். அந்த ராஜாக்கள் கதை நம் தெருக்கதை மாதிரி இருக்கும், அதுதான் காரணம். டென்மார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். நானூறு வருஷத்துக்கும் மேலாக ராஜா பெயர் கிறிஸ்டியான், அடுத்தவர் ஃபிரெடரிக், மறுபடி கிறிஸ்டியான், மறுபடி ஃபிரெடரிக். தாத்தா பெயர் பேரனுக்கு என்கிற நம் வழக்கத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். என் அப்பா பெயர் கருப்பையா, அவருடைய தாத்தாவும் கருப்பையா, எனக்கு என் தாத்தா பெயர். கோப்பன்ஹேகனிலும் கரிசல்காட்டிலும் ஒரே ஏற்பாடு. இன்னொரு விஷயம், சுவீடனில் ஒரு காலத்தில் செம்புத் தகட்டையே காசாக அடித்திருக்கிறார்கள். அதில் பெரியது ஒன்று இருபது கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவாம். என் பஸ்ஸில் கொடுத்திருந்தால் டிக்கெட்டோடு அந்தக் காசுக்கும் லக்கேஜ் போட்டிருப்பேன்.

இதையெல்லாம் நூலகத்தில் அகராதியை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் படிப்பேன். படித்ததைப் பாண்டியம்மாளிடம் சொல்லுவேன். அவள் பவர்லூம் பட்டறைக்கு வீட்டிலிருந்தே ஊடைநூலைத் தார் சுற்றிக் கொடுப்பாள். ராட்டை ஓடிக்கொண்டிருக்கும், நூல் தார்க்குச்சியில் ஏறிக்கொண்டிருக்கும், நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பேன். "ம்" என்பாள். எப்போதாவது நூல் அறும், அப்போது அந்த "ம்" கூட வராது. இவளிடம் சொல்வதும் சுவரிடம் சொல்வதும் ஒன்று என்று நினைத்துக்கொள்வேன். சொல்லாமல் இருக்கவும் முடியாது.

சில கதைகளுக்கு மட்டும் ராட்டை நிற்கும். சுவீடனும் நார்வேயும் முன்பு ஒரே ராஜாவுக்குக் கீழே இருந்தன. தாடி வைத்த ஆஸ்கார் ராஜா காலத்தில் இரண்டும் பிரிந்தன என்றேன். "அடிதடி இல்லாமயா பாகம் பிரிச்சாக?" என்று கேட்டாள். ஆமாம், சண்டையே இல்லை என்றேன். ஆச்சரியமாகப் பார்த்தாள். எங்கள் தெருவில் ஒரு வேப்பமரத்துக்காகவே அண்ணன் தம்பி பேசாமல் இருந்தார்கள். பிரிந்த நார்வேக்குத் தனியாக ராஜா இல்லை, டென்மார்க் அரண்மனைப் பிள்ளை ஒருவரை அழைத்து ராஜாவாக்கினார்கள், அவர்தான் ஹோகூன் என்றேன். "தத்தெடுத்தாகளாக்கும்" என்று மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டாள்.

அவள் திரும்பத் திரும்பக் கேட்ட கதை ஒன்றுதான். டென்மார்க்கில் ஒன்பதாம் ஃபிரெடரிக்குக்கு மூன்று பெண்கள், பையன் இல்லை. பெண் பட்டத்துக்கு வர முடியாது என்று சட்டம். அந்தச் சட்டத்தை மாற்றி மூத்த மகளுக்கு வழி செய்தார்கள். அவர் ராணியாகி, கிறிஸ்டியான் ஃபிரெடரிக் வரிசைக்கு நடுவில் ஒரு பெண் முகம் காசில் வந்தது. எங்களுக்கும் ஒரே மகள்தான். என் பெயர் சொல்லப் பேரன் இல்லையே, வரிசை அறுந்துபோச்சே என்று என் அப்பா எந்நேரமும் புலம்புவார். ராணி முகம் போட்ட மஞ்சள் நிற இருபது குரோன் காசு தூத்துக்குடி வண்டியில் வந்த அன்று, பாண்டியம்மா அதை விளக்கு வெளிச்சத்தில் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ராசாவே சட்டத்த மாத்திருக்காரு. ஒங்கப்பா மாத்தக் கூடாதா?" என்றாள். இதை அவரிடமே எப்படியோ எடுத்துச் சொல்லியிருக்கிறாள். அப்பா கடைசியில் அரை ஏக்கர் கரிசலைப் பேத்தி பெயரில்தான் எழுதினார்.

இத்தனை காசிலும் நான் உயிராக வைத்திருந்தது நாகப்பட்டினம் வண்டிக் கண்டக்டர் கொடுத்தது. சின்னச் செம்புக்காசு. ஒரு பக்கம் கிரீடம், அதன் கீழே ஏழாம் கிறிஸ்டியானின் பெயரின் முதலெழுத்து. டென்மார்க்காரர்கள் தரங்கம்பாடியில் இருந்தபோது அங்கே புழங்குவதற்காக அடித்த காசு. கடைசல் மரம் மாதிரி கருஞ்சிவப்பாக, வழுவழுப்பாக இருக்கும். எங்கேயோ பனிக்குள் உட்கார்ந்திருந்த ராஜாவின் எழுத்தை வைத்து நம் கடற்கரையில் ஒருத்தி மீன் வாங்கியிருப்பாள் என்று நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இப்போது மதுரைக்கு வருகிறேன். அங்கே பழங்காசு சேர்ப்பவர்கள் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு தரம் கண்காட்சி போடுவார்கள். ஆளுக்கு ஒரு மேசை. ஒரு வருஷம் டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு போனேன். ஒவ்வொரு மேசையாக ஆசையாகப் பார்த்துக்கொண்டு போனபோது ஒருவர், காசு விற்க வந்திருந்தால் வெளியே உட்காருங்கள் என்றார். நானும் சேர்க்கிறேன் என்றேன். என்ன சேர்க்கிறீர்கள் என்றார். ஸ்காண்டிநேவிய ராஜாக்கள் என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் என் சட்டையைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சத்தமான சிரிப்புக்கூட இல்லை. சத்தமாகச் சிரித்திருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வெறி. அந்த மண்டபத்தில் எனக்கும் ஒரு மேசை வேண்டும். என் பெயர் எழுதிய அட்டை அதன்மேல் நிற்க வேண்டும். சங்கத்துச் செயலாளருக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டேன். இரண்டு வருஷம் பதில் இல்லை. தரங்கம்பாடிக் காசைப் பற்றி எழுதிய பிறகுதான் அசைந்தார். ஆயுத பூஜை அன்று அருப்புக்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டுக்கு வருகிறேன், அப்படியே உங்கள் காசுகளைப் பார்த்துவிட்டு மேசை தரலாமா என்று முடிவு செய்கிறேன் என்று ஒரு கார்டு வந்தது. அந்தக் கார்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நாலு நாள் டிக்கெட் கிழித்தேன்.

ஆயுத பூஜை என்றால் பஸ்காரனுக்கு என்ன நாள் என்று உங்களுக்குத் தெரியும். விடிவதற்குள் ஷெட்டுக்குப் போய்விட வேண்டும். வண்டியைக் கழுவி, வாழை கட்டி, சந்தனம் தெளித்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். கிளம்பும்போது பாண்டியம்மாளிடம், பெரிய ஆள் வருகிறார், எல்லாம் சுத்தமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். பிறகு யோசித்தால், சொன்னதே நல்லது என்றும் தோன்றுகிறது.

பதினோரு மணிக்குச் செயலாளரை பஸ் ஸ்டாண்டில் பார்த்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி, மெல்லிய பேச்சு. வாசற்படி ஏறியதுமே புளி வாடை. உள்ளே அம்மன் படத்துக்கு முன்னால் பெரிய தாம்பாளம். அதில் வாழையிலை விரித்து, என் விசில், டிக்கெட் கட்டை, தோல்பை, அவளுடைய தார்க்குச்சிகள். எல்லாவற்றையும் சுற்றி வரிசை வரிசையாக என் ராஜாக்கள் ஜொலித்துக்கொண்டிருந்தார்கள். குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்து, கழுவித் துடைத்து, ஒவ்வொரு நெற்றியிலும் சந்தனப் பொட்டு வைத்திருந்தாள்.

செயலாளர் குனிந்து தரங்கம்பாடிக் காசைத்தான் முதலில் எடுத்தார். அது புதுச் செம்புச் சொம்பின் அடிபோல் இளஞ்சிவப்பாக மின்னியது. கதவருகே நின்ற பாண்டியம்மா, விடியற்காலை நாலு மணியிலிருந்து கை வலிக்கத் தேய்த்ததாகப் பெருமையாகச் சொன்னாள். அவர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். காசை மெதுவாகக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பித் தணிந்த குரலில், "இந்தக் காசு நேத்து வரைக்கும் எரநூறு வருசம் பழசு. இன்னைக்குக் காலையிலதான் பிறந்திருக்கு" என்றார். தேய்த்த காசை மேசையில் வைக்க எங்கள் சங்கத்தில் வழக்கமில்லை, மன்னிக்கணும் என்றும் சொன்னார்.

எனக்கு அப்படி ஒரு கோபம் வரும் என்று எனக்கே தெரியாது. துண்டை எடுத்துக் காசுகளின் மேல் இருந்த சந்தனத்தை எல்லாம் வழித்துத் துடைத்தேன். வந்த மனிதர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றுகூட நினைக்கவில்லை. அவளைப் பார்த்து, "இனிமே இந்த டப்பாவத் தொடாத" என்றேன். அவள் முகத்தில் இருந்த பெருமை எங்கே போனது என்று தெரியவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தக் கை தெரிகிறது.

செயலாளர் கிளம்ப எழுந்தவர் நின்றார். தாம்பாளத்தின் ஓரத்தில் ஒரு வெற்றிலையில் மூன்று காசு தனியாக இருந்தது. பொட்டில்லை, பளபளப்பும் இல்லை. மங்கிப்போன துத்தநாகம். தூத்துக்குடி வண்டியில் வந்த நார்வே காசுகள், மூன்றுக்கும் மதிப்பில்லை என்று நான் நினைத்திருந்தவை. இதை மட்டும் ஏனம்மா தேய்க்கவில்லை என்று அவர் கேட்டார்.

பாண்டியம்மா என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் அவரிடம் சொன்னாள்: "அது ராசா ஊர்ல இல்லாதப்ப அடிச்ச காசுங்க. வீட்டுப் பெரியவுக ஊர்ல இல்லாதப்ப பொட்டும் பூவும் எதுக்குன்னு விட்டுட்டேன்."

அவர் மறுபடி உட்கார்ந்தார். எந்த ராஜா, எங்கே போனார் என்று கேட்டார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். நார்வேக்குள் ஜெர்மனிப் படை புகுந்ததும் ஹோகூன் ராஜா அவர்களுக்குப் பணிய மாட்டேன் என்று சொன்னது, காடு மலை என்று அலைந்து கடைசியில் கப்பல் ஏறி இங்கிலாந்து போனது, அவர் இல்லாத அஞ்சு வருஷமும் ஊருக்குள் அவர் எழுத்து இல்லாமல் சிங்கம் மட்டும் போட்டு மட்டமான தகட்டில் காசு அடித்தது, பிறகு அவர் கப்பலிலேயே திரும்பி வந்தது. நான் ராட்டைச் சத்தத்துக்கு நடுவில் சொன்னது ஒன்று விடாமல் வந்தது. செயலாளர் மற்ற காசுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட, அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். இவர் தாடிக்காரர், இவர் காலத்தில்தான் பாகம் பிரிந்தது. இவர் அவருக்கு மகன். இவரும் கப்பலில் போனவரும் கூடப்பிறந்தவர்கள், இவர் மூத்தவர். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். காசில் உள்ள எழுத்து எதுவும் தெரியாது. மூக்கையும் தாடியையும் கிரீடத்தையும் வைத்தே அத்தனை பேரையும் அடையாளம் வைத்திருந்தாள். சுவரிடம் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்த மடையன் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

செயலாளர் எழுந்து கும்பிட்டார். என்னையில்லை, அவளை. பிறகு என்னிடம், "மூணு காசுக்கு ஒரு மேசை தாரேன். ஆனா இவுகளும் வரணும்" என்றார்.

அந்தக் கண்காட்சியில் எங்கள் மேசைதான் ஆகச் சிறியது. சிவப்புத் துணியில் மூன்று துத்தநாகக் காசு. பக்கத்து மேசையில் பாண்டியர், நாயக்கர், கும்பினி எல்லாம் தட்டுத்தட்டாக இருந்தது. ஆனால் ஆட்கள் எங்கள் மேசையைச் சுற்றித்தான் நின்றார்கள். பாண்டியம்மா முதலில் என் முதுகுக்குப் பின்னால் நின்று பேசினாள், பிறகு பக்கத்தில் நின்று, மத்தியானத்துக்கு மேல் என்னை நகரச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். நார்வே ராஜா மீண்டு வந்த இடத்தை அவள் சொல்லும்போது, அவள் சின்ன மாமனார் மலேயாவிலிருந்து வந்து இறங்கியதுபோல இருக்கும். முன்பு என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் ஒருவர் இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டுப் போனார். அட்டையில் என் பெயர் எழுதியிருந்தது. நான் தண்ணீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வருகையில் காரியாபட்டி தாண்டியதும் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பருத்திப்பால் வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. அன்றைக்கு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, டப்பாவைத் தொடாதே என்று சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். மேசையே கிடைத்துவிட்டது, இனி அதற்கென்ன என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவள் அப்படி நினைக்கவில்லை. அதன்பிறகு எத்தனையோ கண்காட்சிக்கு வந்தாள், பேசினாள், சிரித்தாள். டப்பாவை மட்டும் தொடவே இல்லை. அலமாரியைத் துடைக்கும்போதுகூட என்னைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வாள். ஏன் என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் என்ன வரும் என்று தெரிந்த கேள்வியை யார் கேட்பார்கள்?

பாண்டியம்மா போய் ஆறு வருஷமாகிறது. போன மாதம் திருச்சுழி பஸ்ஸில் ஏறி ஐந்து ரூபாய்க் காசு நீட்டினேன். கண்டக்டர் பிள்ளை, "ஸ்கேன் பண்ணுங்கய்யா, சில்லறை யாரு தூக்கிச் சுமக்குறது" என்றது. தோளில் தோல்பையே இல்லை. பக்க அறையில் செல்லாக்காசும் இல்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. தூத்துக்குடி வண்டிக்காரனும் நாகப்பட்டினம் வண்டிக்காரனும் எங்கே இருக்கிறார்களோ, நன்றாக இருக்க வேண்டும். இனிமேல் ஒரு ராஜா எந்த வழியாக அருப்புக்கோட்டைக்குள் வருவார் என்று யோசித்துப் பார்த்தேன், வழியே இல்லை. என்னை ஐம்பது பைசாவுக்கு ஏமாற்றிய அந்தப் புண்ணியவான் யாரென்று கடைசி வரை தெரியவில்லை. எதிரே வந்தால் காலில் விழுந்து கும்பிடுவேன். அவர் இல்லையென்றால் எனக்கு ராஜாக்கள் ஏது? அவளுக்கு அந்த நாற்காலி ஏது?

முட்டி இரண்டும் போய்விட்டது. மகள் காரியாபட்டியில் குடியிருந்துகொண்டு மதுரைக்கு வேலைக்குப் போய் வருகிறாள். அங்கேயே வந்துவிடுங்கள் என்கிறாள். வீட்டைக் காலி செய்ய வேண்டும். காசுகளைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் அந்த மதுரை இளைஞரை வரச் சொன்னேன்.

அவள் தேய்த்த தடமும் போய்விட்டதே என்று நினைத்தபடி தண்ணீரோடு நான் திரும்பி வந்தபோது அவர் டப்பாவின் அடிவரைக்கும் வந்திருந்தார். ஒவ்வொரு காசும் ஒரு தாள் மடிப்பில் இருக்கும். கடைசி மடிப்பைப் பிரித்தார். டென்மார்க் ராணி. ரொம்ப சாதாரணக் காசு, யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை, நானும் வருஷக்கணக்காகப் பிரித்ததில்லை. மஞ்சள் போய்ப் பழுப்பேறிக் கிடந்தது. நெற்றிக்கு மேலே, முடி தொடங்கும் இடத்தில், காய்ந்துபோன சிவப்பு ஒன்று ஒட்டியிருந்தது.

குங்குமம். மற்றவர்களுக்கெல்லாம் சந்தனம் வைத்தவள் இவளுக்கு மட்டும் குங்குமம் வைத்திருக்கிறாள். அன்று தாம்பாளத்தில் இது இல்லை. இருந்திருந்தால் நான் துடைத்திருப்பேன். அம்மன் படத்துக்கடியில் தனியாக வைத்திருந்திருப்பாள். செயலாளரை வழியனுப்ப நான் வெளியே போன பிறகு சத்தமில்லாமல் எடுத்து, மடித்து, டப்பாவின் அடியில் வைத்திருக்கிறாள். அவள் டப்பாவைத் தொட்டது அதுதான் கடைசி.

இளைஞர் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுக்கொண்டு, "ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கு சார்" என்று குனிந்தார்.

"தொடாத" என்றேன்.

அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அதே சொல், அதே குரல். எனக்கே கேட்டது. தப்பாக நினைக்காதீர்கள் தம்பி, இது மட்டும் விற்பனைக்கில்லை, மற்ற ஐம்பத்தாறையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். இதற்கு விலையே இல்லையே சார் என்றார் அவர். தெரியும் என்றேன். அவர் போன பிறகு ராணியைத் தாளில் வைத்து மடித்தேன். அவள் மடித்த கோடு தாளில் அப்படியே இருந்தது. அதன் மேலேயே மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.